கம்பியைப் பிடுங்கச் சொன்ன அம்மா

"எல்லாம் கண்கட்டு வித்தை!"

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து நின்று சத்தம் போட்டதும், டெலிபோன் கம்பெனி மேனேஜர் குழம்பிப் போனார்.

கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க அவரே ஒரு ஆளை ஏற்பாடு செய்திருந்தார். சொந்த மச்சான்தான். "இவ்வளவு வேகமா? அடடா, எனக்கு ஒரு கனெக்‌ஷன் எழுதிக்குங்க!" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேஷம். அந்த மச்சானைக் காணோம். அவனுக்குப் பதிலாக இந்த அம்மா.

பிராட்பேண்ட் என்ற பேரே புதிதாக இருந்த சமயம் அது. குடியிருப்புச் சங்கத்து ஹாலில் மேஜை போட்டு, கம்ப்யூட்டர் வைத்து, டெமோ காட்ட ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார் மேனேஜர். வேலைக்குப் புதுசு. முன்பு இரண்டு கூட்டங்களில் வாயடைத்து நின்றவள். "இன்னொரு தடவை இப்படி நின்னா, வேலைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேம்மா" என்று நேற்றுதான் சொல்லியிருந்தார்.

இன்றும் அதே கதை. "வணக்கம், இது வந்து..." என்றவள் அதோடு நின்றுவிட்டாள். திரையில் வீடியோ அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழ ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அந்த அம்மாவின் சத்தம்.

"ஏம்மா பொண்ணு, படத்தை முன்னாடியே பெட்டிக்குள்ள போட்டு வச்சுட்டு, கம்பி வழியா வருதுன்னு எங்க காதுல பூ சுத்துறியா?"

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

பெண் அந்த அம்மாவை முறைத்தாள். "பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்லைங்க."

"நீ சொன்னா ஆச்சா? கம்பியைப் பிடுங்கு. அப்பவும் ஓடும் பாரு!"

மேனேஜர் குறுக்கே ஓடி வந்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் உட்கார்ந்து..."

"நீங்க இருங்க சார்!" என்றாள் பெண். இப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது அவருக்கு இதுவரை தெரியாது.

விருட்டென்று கம்பியைப் பிடுங்கிக் கையில் தூக்கிக் காட்டினாள்.

படம் ஓடியது.

ஹாலே சிரித்தது. "பார்த்தீங்களா! நான் சொல்லல?" என்று அந்த அம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க," என்றாள் பெண். "வால்வை மூடினா, குழாயில நிக்கிற தண்ணி கொஞ்சம் கொட்டித்தானே நிக்கும்? இப்பப் பாருங்க."

படம் திக்கியது. நின்றது. கம்பியைச் செருகினாள். மறுபடி ஓடியது.

"உள்ளயே இருந்தா ஏங்க நிக்கப் போகுது? நான் எதைச் சொன்னாலும் நம்பவே கூடாதுன்னு இருக்கீங்களா?"

"பேச்சைப் பாரு! சரி, நெட்டு ஓடும்போது வீட்டுக்கு ஒரு போன் வந்தா? எங்கேஜ்டுதானே வரும்?"

"யாராவது இந்த நம்பருக்கு அடிங்க!"

யாரோ செல்போனில் அடித்தார். அதே லைனில் மேஜை மேலிருந்த போன் கணகணவென்று அலறியது. படமும் நிற்காமல் ஓடியது. கைதட்டல்.

இந்த அம்மா மச்சான் அனுப்பிய ஆளாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் வேஷம் இப்படி முற்றிவிட்டதே என்று மேனேஜருக்குக் கவலை. போதும் என்று கண்ணைக் காட்டினார்.

"என்னய்யா கண்ணடிக்கிறே? எனக்கு என்ன வயசு தெரியுமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜர் அதற்கப்புறம் தரையைத்தான் பார்த்தார்.

"கடைசியா ஒண்ணு," என்று அந்த அம்மா பெண்ணிடம் திரும்பினாள். "வித்துட்டு நீ போயிடுவே. நாளைக்கு லைன் செத்துப் போச்சுன்னா யாரைத் தேடுறது?"

"என்னையத்தான்! என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. ஆள் வர்ற வரைக்கும் விட மாட்டேன், போதுமா?"

அந்த வார்த்தைக்குத்தான் கூட்டம் விழுந்தது. சற்று நேரத்தில் மேஜையைச் சுற்றி நிற்க இடமில்லை. எல்லோருக்கும் கனெக்‌ஷன் வேண்டுமாம். பெண் ஒவ்வொருவருக்கும் படபடவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா மட்டும் ஓசைப்படாமல் வெளியே நடந்தாள். மேனேஜர் பின்னாலேயே ஓடிப் படிக்கட்டில் பிடித்தார்.

"உங்களை என் மச்சான்தானே அனுப்பினான்?"

"எந்த மச்சான்?"

"அப்ப, எங்க போட்டிக் கம்பெனியா?"

"எனக்கு எந்தக் கம்பெனியும் தெரியாது சார்."

"பின்ன, உங்களுக்குக் கனெக்‌ஷன் வேணுமா?"

"எங்க வீட்ல கம்ப்யூட்டரே கிடையாது."

மேனேஜருக்குத் தலை சுற்றியது. "அப்புறம் எதுக்கும்மா அந்தப் பொண்ணைப் போட்டு அந்த வறு வறுத்தீங்க? பாவம், அவ வேலை போயிருந்தா?"

"அந்தப் பயத்துலதான் சார் வந்தேன். வேலை போயிடும்னு நேத்து வந்ததுலேர்ந்து ஒரே அழுகை. சாப்பாட்டைக்கூடத் தொடலை. எனக்கு மனசு கேக்கலை." அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூட்டத்தைக் கண்டா அவளுக்கு நாக்கு ஒட்டிக்கும். என்கிட்ட மட்டும்தான் அருவி மாதிரி கொட்டுவா. நான் வேணும்னே வந்தேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க, என்ன?"

"சொல்லலை. ஆனா எனக்கு ஒண்ணும் புரியலையே. நீங்க யாரும்மா?"

"அவ மாமியார்."