குரலுக்கேற்ற சம்பளம்

மனிதகுலம் ஆண், பெண் பேதத்தை ஒழித்துவிட்டது என்பதில் ஆண் நர்ஸ் ஜெபஸ்டினுக்குச் சந்தேகமே இல்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சம்பளத்தை முடிவு செய்வது இயந்திரம். அது ஆளைப் பார்க்காது, குரலில் இருக்கும் கம்பீரத்தை மட்டுமே அளக்கும்.

“பின்ன ஏம்லே பொம்பளையளுக்கு மட்டும் பாதிச் சம்பளம்?” என்றாள் உடன் வேலைபார்க்கும் லீதியாள். மகளின் காலேஜ் ஃபீஸுக்காக அவள் நோயாளிகளிடம் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியிருந்தாள்.

“யக்கா, ஊசி போடப் போறியளா, கடிக்கப் போறியளா?” என்று ஜெபஸ்டின் கேட்க, வார்டே சிரித்தது.

அடுத்த மாதம் வந்த காய்ச்சலில் ஜெபஸ்டினின் குரல் கீச்சென்று மெலிந்துபோனது. இயந்திரம் பேதம் பார்க்காமல் அவன் சம்பளத்தையும் பாதியாக்கியது.

மருந்தறைக்குள் லீதியாள் நுழைந்தபோது, அவன் அலமாரியைப் பார்த்து, “மாத்திரை போட்டாச்சா?” என்று உறுமிப் பழகிக்கொண்டிருந்தான்.

“சத்தத்த வயித்துலேருந்து எடு மக்கா,” என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு மறுபடி உறுமினான்.