சிவப்புக் கண்ணாடி போட்ட தொலைநோக்கி

மலை உச்சியில் ஒரு தொலைநோக்கி இருந்தது. சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அது வானத்தைப் பார்க்கும். சிவப்பாக இருப்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

“விண்மீன் மண்டலங்களின் கூட்டத்தில் போய்ச் சேர்ந்த மண்டலமெல்லாம் சிவந்து கிழடாகிவிடுகிறது. அப்புறம் ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பெற்றெடுப்பதில்லை” என்று அது பட்டியலோடு எழுதிவைத்தது.

கூட்டத்தின் நடுவிலிருந்த ஒரு நீல மண்டலம் கத்தியது: “யோவ், நானும் இங்கதான்யா குடியிருக்கேன்! இப்பத்தான் ஒன்பது நட்சத்திரம் பெத்தேன். அந்தக் கண்ணாடியக் கழட்டித் தொலையேன்!”

“பட்டியல்ல உன் பேரு இல்லையே.”

“பட்டியல் போட்டதே நீதானய்யா!”

ஒருநாள் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார்கள். சிவப்புகளுக்கு நடுவே எத்தனையோ நீலங்கள் மின்னின.

தொலைநோக்கி அலறியது: “சீக்கிரம் கண்ணாடிய மாட்டுங்க! கண்டதெல்லாம் தெரியுது!”