சின்னப்பனுக்கு அடித்த மணி

"எங்கப்பனுக்கு மணி அடிக்கோணுங்க, சாமி."

மாதா கோயில் வாசலில் நின்ற பொற்கொடியின் கண்கள் அழுதழுது வீங்கியிருந்தன. ரூபன் சாமியாருக்கு எதிர்பார்த்த செய்திதான். போன வாரம்தான் அவள் அப்பா சின்னப்பனுக்குக் கடைசி எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டு வந்திருந்தார்.

உடுமலைப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் யார் கண்ணை மூடினாலும், சின்னப்பன் கோயில் மணிக் கயிற்றை இழுத்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். படுக்கையில் விழும்வரை அந்த மணியை வேறு யாரையும் தொடவிட்டதில்லை மனுஷன்.

ஆனால் வெள்ளைக்காரர் காலத்து மணிக் கோபுரம் போன மழையில் பிளந்துவிட்டது. மணி அதிர்ந்தால் மொத்தமும் சரிந்துவிடும் என்று இன்ஜினியர் சொன்னதிலிருந்து கயிற்றைச் சுருட்டிக் கட்டியாயிற்று. நாளைக்குக் கிரேன் வருகிறது. மணியை இறக்கிவிட்டுக் கோபுரத்தை இடிக்கப் போகிறார்கள்.

சாமியார் தன்மையாகத்தான் சொல்லிப் பார்த்தார். பெரிய பூசையே வைக்கலாம், மணி மட்டும் வேண்டாம் என்றார்.

"ஊருக்கெல்லாம் அடிச்ச கையிங்க அது. அவருக்குன்னா மட்டும் இல்லீங்களா? இன்னிக்கு உட்டா அப்பறம் எப்பங்க?"

இன்ஜினியருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இவள் கண்ணீர் ஒரு பக்கம். கடைசியில் சாமியார் அடக்கம் எப்போது என்று கேட்டார்.

அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றாள். அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு வந்திருக்கிறாளாம், பொங்கிவிடுமாம். உடனே அடிக்கச் சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே ஓடினாள்.

கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, சாமியார் தானே கயிற்றைப் பிடித்தார். முதல் அடியிலேயே சுண்ணாம்புக் காரை தலையில் உதிர்ந்தது. விழுந்தால் விழட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு, துக்கத்துக்கு அடிக்கிறபடி விட்டு விட்டு அடித்தார். எப்படியோ கோபுரம் நின்றது.

மாலையும் கையுமாகச் சின்னப்பன் வீட்டுக்கு நடந்தார். மணிச் சத்தம் கேட்டு ஊரே பின்னால் வந்தது.

வாசலில் பந்தலைக் காணோம். அழுகைச் சத்தமும் இல்லை. உள்ளே பொற்கொடி கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். சாமியாரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கட்டிலிலிருந்து எலும்பும் தோலுமான இரண்டு கைகள் மெல்ல எழுந்து கும்பிட்டன.

"எனக்கு அடிச்சது நல்லாவே காதுல உளுந்துச்சுங்க, சாமி."