வகுத்தது போதும்

ஒரே 230 வோல்ட்டில் வேலை செய்யும் இருவரில், மின்சாரத்தை அதிகம் தடுப்பவர் பெரியவரா, குறைவாகத் தடுப்பவரா? சொல்லுங்கள், பார்க்கலாம்.

பூவிழி வீட்டில் பழுதில்லாத பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். அதில் இரவு விளக்கு பகலிலும் எரிந்தபடி உட்கார்ந்திருந்தது. இன்றும் இடம் கிடைக்காவிட்டால் தனக்குப் பரண்தான் என்று இஸ்திரிப்பெட்டி கலங்கியது.

கசங்கிய சீருடையோடு பூவிழி வந்தாள். "யார் பெரிய ஆளோ அவருக்குத்தான் இடம்," என்றாள்.

மேசைமேல் இருந்த மீட்டர் கணக்குப் போட்டது. "பெட்டிக்கு 5 ஆம்பியர். 230-ஐ ஐந்தால் வகுத்தால் தடை 46 ஓம். விளக்குக்கு 0.02 ஆம்பியர். வகுத்தால் 11,500 ஓம்."

"கேட்டுக்கோ பாப்பா, பதினோராயிரத்து ஐந்நூறு," என்றது விளக்கு.

"கொஞ்சம் பெருக்கியும் சொல்லுங்கண்ணே. அப்பத்தானே யாருக்கு எவ்வளவு திறன்னு தெரியும்," என்று கெஞ்சியது பெட்டி.

"வகுத்தது போதும் மீட்டரண்ணே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது," என்றது விளக்கு. மீட்டர் பெருக்காமலே கணக்கை முடித்துக்கொண்டது.

பெட்டி தனக்குள்ளேயே 230-ஐ ஆம்பியரால் பெருக்கிப் பார்த்தது. தனக்கு 1,150 வாட். விளக்குக்கு ஐந்துகூட வரவில்லை.

பூவிழி விளக்கையே இருக்கவிட்டாள். கசங்கிய சீருடையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.