நாலு நல்ல வார்த்தை

"ஏனுங்க சாமி, அதுல என்னங்க எழுதியிருக்குது? சித்தப் படிச்சுச் சொல்லுங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பச்சமுத்து கேட்டார். நாற்பதைத் தாண்டிய மனிதர். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

லேபர் ஆபீசர் சவரியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கையிலிருந்த காகிதம் மடிப்புக்கு மடிப்பு கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டுப் போட்டிருந்தது. மேலே சேலத்து மில் ஒன்றின் பெயர். ஐம்பத்தைந்தாம் வருடத்துத் தேதி. அதற்குக் கீழே இங்கிலீஷில் டைப் அடித்த ஆறே வரிகள். முதல் வரியோடு அவர் கண்ணை எடுத்துவிட்டார். காதுமடல் சுட்டது.

"எத்தனை மில்லுல இதைக் காட்டினீங்க?"

"ஏழு மில்லுங்க. எட்டு வருசமா அலையறேன். எங்க போனாலும் ஆபீசருங்க வாங்கிப் படிப்பாங்க. ஒருத்தரு என்னைய ஏற எறங்கப் பாப்பாரு. ஒருத்தரு சிரிப்பாரு. கடைசியில வேலை காலியில்லைம்பாங்க. வெளியில வந்து பாத்தா, ஆள் தேவைன்னு கேட்டுலயே போர்டு தொங்குமுங்க."

"இத்தனை நாள் பொழைப்புக்கு என்ன பண்ணீங்க?"

"கெடச்சதைச் செஞ்சேனுங்க. சேந்தமங்கலத்துப் பக்கம் கல்லு ஒடச்சேன். எடப்பாடியில தறிக்கு நூல் சுத்தினேன். பதினஞ்சு வயசுல இருந்து மில்லு வேலை பாத்த கைங்க. ராட்டையில ஒக்கார வெச்சா அழுகையா வருமுங்க."

சவரியார் தலையை நிமிர்த்தவில்லை.

"சேலத்து மில்லுல எதுக்காக வேலையை விட்டு நிறுத்தினாங்க?"

"பஞ்சு பிரிக்கற எடத்துல குடிக்கத் தண்ணி இல்லீங்க. தூசி தொண்டையில அடைச்சுக்கும். ஒரு பானை வெச்சுக் குடுங்கன்னு நாப்பது பேருகிட்டக் கைநாட்டு வாங்கி மனு குடுத்தேன். அதுதானுங்க நான் பண்ணுன குத்தம்."

"அப்புறம்?"

"அப்ப இருந்த ஆபீசரு நல்ல மனுசனுங்க. கோவிச்சுக்கவே இல்லை. கடைசி நாளு என்னையக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, இந்தக் காயிதத்தைக் கையில குடுத்தாரு. 'பச்சமுத்து, உன்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்கேன். எங்க போனாலும் மொதல்ல இதைக் காட்டு'ன்னாரு. கும்புட்டு வாங்கிக்கிட்டேன்."

காகிதத்தில் இருந்தது இதுதான்: 'இதைக் கொண்டுவருபவன் வேலை தெரிந்தவன். ஆனால் ஆட்களைத் திரட்டிக் கலகம் மூட்டும் சுபாவம் உள்ளவன். எந்த மில்லிலும் இவனைச் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பதே உத்தமம்.'

தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே பசை போட்டு ஒட்டி, மழையில் நனையாமல் மடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான் இந்த மனிதன்.

சவரியார் இந்த மில்லுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்ததும் முதல் வேலையாக, முதலாளியிடம் மன்றாடி, பஞ்சு அறைக்குத் தண்ணீர்க் குழாய் போட வைத்தார். தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே நின்று நியாயம் பார்ப்பதுதான் லேபர் ஆபீசருக்கு அழகு என்று சங்கத்துக் கூட்டத்திலேயே பேசியிருக்கிறார். கை தட்டினார்கள். இப்போது அந்தக் கைதட்டலை நினைக்கவே கூசியது.

உண்மையைச் சொல்லிவிடலாமா? வாய் வரை வந்தது. எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்ததும் காகிதத்தை மடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க சாமி. என்ன எழுதியிருக்குது?"

"நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றார் சவரியார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "கெட்டிக்காரத் தொழிலாளின்னு போட்டிருக்கு."

"அம்புட்டுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

பச்சமுத்து அந்தக் காகிதத்தையே பார்த்தார்.

"நீங்க திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்துடுங்க" என்றார் சவரியார் அவசரமாக. "நான் முதலாளிகிட்டப் பேசிக்கறேன். இனிமே யார்கிட்டயும் இந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டாம். இது என்கிட்டயே இருக்கட்டும்."

மேசை இழுப்பறையைத் திறந்தார். காகிதத்தை உள்ளே வைத்து மூடினார். பச்சமுத்து அதைத் தடுக்கவில்லை.

"வெச்சுக்கங்க சாமி. உங்ககிட்டக் குடுத்துப்போட்டுப் போகத்தான் வந்தேன். வேலைக்கு வரலீங்க. ஊட்டுலயே ரெண்டு தறி போட்டாச்சு."

சவரியாருக்கு விளங்கவில்லை.

"எம் மவ பெருமாயி சேலத்துல டைப் படிக்கறாளுங்க. போன மாசந்தான் அதை எனக்குப் படிச்சுச் சொன்னா. ராத்திரி பூரா அழுதுச்சு புள்ளை. ஒரு வார்த்தை கேக்கலாம்னு அந்த ஆபீசரைத் தேடிப் போனேன். அவரு செத்து மூணு வருசமாச்சுன்னாங்க."

பச்சமுத்து இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

"நீங்களாச்சும் உள்ளதைச் சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க. அந்தக் காயிதத்துல கீழ மூலையில சின்னதா ரெண்டு எழுத்து இருக்குதுங்களே, அது டைப் அடிச்சவரோட பேரெழுத்துன்னு மவ சொன்னா. அந்த மில்லுல விசாரிச்சேன், அன்னைக்கு அங்க டைப் அடிச்சது நீங்கதானாமுங்களே?"