பாம்பு சாப்பிட்ட பின்னேரம்

"அம்மா, நீங்கள் பார்த்துக்கொண்டு நிண்டா அதால சாப்பிட ஏலாது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு குசினிக்குப் போங்கோ."

எங்கட மகள் சாருஜா எங்கள் ரெண்டு பேரையும் முன்னறையில இருந்து தள்ளி வெளியில விட்டு, லைட்டை அணைச்சு, தான் உள்ளுக்கு நிண்டுகொண்டு கதவைச் சாத்தினாள். முழுதாச் சாத்தேல்லை. ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது.

மார்கழி மாதம். லண்டன் வெம்பிளியில பின்னேரமே இருட்டிப் போகும்.

உள்ளுக்குக் கண்ணாடிப் பெட்டியில டோஸ்ட். றோயல் பைதன் எண்ட மலைப்பாம்பு இனம். கருகின பாண் நிறம், அதுதான் அந்தப் பெயர். கோடை முடிஞ்சதில இருந்து ஒரு எலியையும் தொடேல்லை.

இந்த வகைப் பாம்பு இடைக்கிடை பட்டினி கிடக்கிறது வழக்கமாம், ஆனா இதுக்கு மேல இழுபட விடக்கூடாதாம். மிருக வைத்தியர் சொல்லிப்போட்டார்.

என்ர மனிசி சிவனேஸ்வரிக்கு, தன்ர வீட்டில ஒரு சீவன் பட்டினி கிடக்கிறதெண்டால் அது குடும்ப மானம் போற விஷயம்.

டோஸ்ட் வந்த புதுசில அவ அந்த அறைக்குள்ள கால் வைக்கேல்லை. நாகதம்பிரானுக்கு நேர்த்தி எல்லாம் வைச்சா. அது சாப்பிடுதில்லை எண்டு தெரிஞ்ச உடனே அந்தப் பயமெல்லாம் எங்க போச்சுதெண்டு தெரியாது.

ஒவ்வொரு கிழமையும் சாருஜா ஃபிரீசரில வைச்சிருக்கிற செத்த எலியைச் சுடுதண்ணியில இளக்கி இடுக்கியால நீட்டுவாள். மனிசி கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கொண்டு நிப்பா. ராசா, குஞ்சு, ஒரு வாய் எண்டு கெஞ்சுவா.

எங்கட ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்கிறதெண்டால் வைச்சிட்டுப் போற வேலை இல்லையே. பக்கத்தில நிக்கவேணும். கோப்பையைப் பார்க்கவேணும், வாயைப் பார்க்கவேணும், போதுமெண்டு சொன்னாலும் இன்னொரு கரண்டி போடவேணும்.

டோஸ்ட் தலையைத் தன்ர சுருளுக்குள்ள புதைச்சுக்கொண்டு கிடக்கும். பாவம், எழும்பி ஓடவும் அதுக்கு இடமில்லை.

வீட்டுக்கு வாற சனமெல்லாம் கேட்கும், பூனை இல்லையோ, நாய் இல்லையோ, போயும் போயும் பாம்போ எண்டு. நானும் முதல் அப்பிடித்தான் கேட்டனான். ஆனா சாருஜா ஆசைப்பட்டுக் கேட்ட ஒண்டை இல்லையெண்டு சொல்லுற நிலைமையில நாங்கள் இருக்கேல்லை.

கையில எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

நான் சோபாவில இருந்து செய்தி பார்க்கேக்க ஒருநாள் சாருஜா அதை என்ர மணிக்கட்டில சுத்தி விட்டாள். ஈரமா, வழுவழுவெண்டு இருக்கும் எண்டு நினைச்சன். இல்லை. காய்ஞ்ச தோல், இளஞ்சூடு, கைக்கு அடக்கமா ஒரு பாரம். செய்தி முடியும்வரைக்கும் அப்பிடியே கிடந்தது. என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய் எண்டு எங்கட சனம் வாசலிலயே கேட்கிற கேள்வியை அது ஒருநாளும் கேட்காது. அண்டையில இருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடிச்சிட்டுது.

சரி, இப்ப குசினி.

மனிசி கேத்திலைப் போட்டா. சத்தம் கேட்குமெண்டு நிப்பாட்டினா. கதிரையில இருந்தா, எழும்பினா. கடைசியில செருப்பைக் கழட்டிப்போட்டு மெல்லமாப் போய்க் கதவு இடைவெளியில கண்ணை வைச்சா. அவவின்ர தலைக்கு மேலால நான்.

திரைச்சீலையால தெருவிளக்கு வெளிச்சம் கொஞ்சம் வந்தது. டோஸ்ட் எலியை இறுக்கிச் சுத்தி வைச்சிருந்தது. பிறகு சுத்தைத் தளர்த்தி, வாயைப் பிளந்து, தலைப் பக்கத்தால விழுங்கத் தொடங்கினது. ஒரு அவசரமும் இல்லை. கடைசியா வாலும் உள்ளுக்குப் போச்சுது.

எனக்குக் கத்தவேணும் போல இருந்தது. மனிசி என்ர வாயைப் பொத்தினா. அப்பிடியே என்னைக் குசினிக்கு இழுத்துக்கொண்டு வந்து, ஸ்ட்ரெதமில இருக்கிற தமக்கைக்குப் போன் எடுத்தா.

"அக்கா, பாம்பு சாப்பிட்டிட்டுது."

அவ்வளவுதான் சொன்னா. பிறகு ஒரே அழுகை. அழுகைக்கு நடுவில சிரிப்பு வேற.

தமக்கை பயந்துபோனா. ஒரு பாம்புக்கு இந்தப் பாடோ, உனக்கென்ன பிடிச்சிருக்கு, அவரிட்ட போனைக் குடு எண்டு அவ சத்தம் போட்டது எனக்கே கேட்டது. போனை வாங்கி நான் என்னத்தைச் சொல்ல? நானும் கண்ணைத் துடைச்சுக்கொண்டுதான் நிண்டனான். இந்த நாட்டில இருக்கலாமெண்டு எங்களுக்குக் கடிதம் வந்த அண்டைக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தோசம் வரேல்லை.

நாங்கள் கண்ட மிச்சத்தை மனிசி தமக்கைக்குச் சொல்லேல்லை.

பெட்டிக்குக் கீழ, நிலத்தில, டோஸ்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாருஜா இருந்தாள்.

போன மாசியில, சாப்பாட்டையே வெறுத்து விட்டதால, ஆஸ்பத்திரியில மூக்கால குழாய் விட்டுச் சாப்பாடு குடுத்த பிள்ளை. வீட்டுக்கு வந்த பிறகும் எங்களுக்கு முன்னால இருந்து, ஒவ்வொரு வாயையும் அழுதழுதுதான் விழுங்கினவள்.

மடியில கோப்பை. காலமை மிஞ்சின புட்டும் சம்பலும். ஒருத்தரும் போட்டுக் குடுக்கேல்லை, எங்களுக்குத் தெரியாமல் முதலே தானே எடுத்து வைச்சது. அழேல்லை. விரலால குழைச்சுக் குழைச்சு, ஆறுதலா, வாய்க்குள்ள வைச்சுக்கொண்டிருந்தாள்.

மனிசி போனை வைச்சிட்டு என்ர கையைப் பிடிச்சா. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரைக்கும் ரெண்டு பேரும் கதவுப் பக்கம் திரும்பாமல் குசினியிலயே நிண்டம்.