பெரிய பல்பு

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கோழிக் கொட்டகையின் ஒரு மூலை தெரியும். அந்த மூலையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. இப்படியே போனால் ஒன்றுகூடத் தேறாது என்று மருமகள் கவலைப்பட்டாள்.

காபி குடிக்க வந்த மாமனாரிடம் கேட்டாள். “குஞ்சுங்களுக்குச் சூட்டுக்காகப் போட்ட பல்பு எரியுது. ஆனா ஒண்ணுகூட அதுக்குக் கீழ போக மாட்டேங்குதே, மாமா?”

“நாப்பது வாட்ஸ் எந்த மூலைக்கும்மா? நூறு போடு.” டம்ளரை வைத்துவிட்டு மறுபடி கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார்.

கணவன் உருகினான். “பொழுதுக்கும் அங்கேயேதான் கிடக்கறாரு. குளிருது, ஹீட்டர் வாங்குடான்னு என்னை நச்சரிச்ச மனுஷன், இப்ப தன்னைப் பத்தி யோசிக்கறதே இல்ல பாரு!”

சாயங்காலம் அவளே நூறு வாட்ஸ் பல்பு வாங்கிக்கொண்டு போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தாள்.

எரிகிற பல்புக்கு நேர் கீழே ஈஸிசேர். அதில் கம்பளிக் குல்லாவோடு மாமனார், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். விவரமான குஞ்சு ஒன்று மட்டும் அவர் குல்லாவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

காற்று பட்டதும் அவர் கண்ணைத் திறக்காமலே அதட்டினார்.

“யாரது? கதவைச் சாத்துங்க. குஞ்சுங்களுக்குக் குளிருமில்ல!”